ஒரு விசேஷ கருத்துக்காக

தோமஸுக்கு அன்று காலையிலிருந்தே ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கோயில் மண்டபத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டார். வரிசை கோணல் என்று எல்லாவற்றையும் எடுத்து மறுபடி போட்டார். மைக்கைத் தட்டிப் பார்த்தார், வயரைத் துடைத்தார், வாசலுக்குப் போய் வீதியை எட்டிப் பார்த்தார், வந்து மறுபடி மைக்கைத் தட்டினார். மே மாத வெய்யிலில் முள்ளிவாய்க்கால் மணல் செருப்புக்குள்ளாலும் சுடும். அந்த வெய்யிலில் ஏழு தடவை வீதிக்கும் மண்டபத்துக்கும் நடந்த மனிதரைப் பார்த்து, இவருக்கு என்னவோ செய்கிறது என்று யாராவது நினைத்திருந்தால் பிழையில்லை.

கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வருகிறது. ஒரு வான், பதினொரு பேர். யுத்தத்துக்குள்ளும் துன்புறுத்தலுக்குள்ளும் வாழ்ந்த கிறிஸ்தவர்களின் விசுவாசத்திலிருந்து கற்றுக்கொள்ள வருகிறோம் என்று பாதருக்கு வடிவாக ஒரு கடிதம் போட்டிருந்தார்கள். கற்றுக்கொள்ள இரண்டு மணித்தியாலம் ஒதுக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாடு, பிறகு கடற்கரை, பிறகு மாங்குளத்தால் திரும்பிப் போவது. விசுவாசம் அவ்வளவு கெதியில் படித்து முடிக்கக்கூடிய பாடமென்றால் தோமஸ் எப்போதோ சித்தியடைந்திருப்பார். பிறந்த நாளிலிருந்து ஐம்பது வருஷமாக அதே வகுப்பில்தான் இருக்கிறார்.

விடியற்புறம் கடலுக்குப் போவதும் மிச்ச நேரத்தில் கோயிலைப் பார்ப்பதும் அவர் வேலை. மணி அடிப்பார், மெழுகுதிரி ஏற்றுவார், ஞாயிறு பூசைக்கு முன் கருத்துகளை வாசிப்பார். கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. பூசை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் எதற்காக என்று ஒரு துண்டில் எழுதி அதற்குள் போட வேண்டும். இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, மகளின் சோதனைக்காக, விசா கிடைத்ததற்கு நன்றியாக என்று பல மாதிரி வரும். வெளியே சொல்ல விருப்பமில்லாதவர்கள் 'ஒரு விசேஷ கருத்துக்காக' என்று மட்டும் எழுதுவார்கள். அது என்ன கருத்து என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த வீட்டுக் குசினியில் என்ன கறி என்பதுவரை விசாரிக்கிற ஊர், அதை மட்டும் விசாரிக்காது.

சுசிலாவின் துண்டு மாதத்தின் முதல் ஞாயிறு தவறாமல் வரும். 'சுசிலா குடும்பத்தினரின் ஒரு விசேஷ கருத்துக்காக.' யுத்தம் முடிந்து அடைத்து வைத்த முகாமிலிருந்து ஊர் திரும்பிய காலம் தொட்டு அதைத் தோமஸ்தான் வாசிக்கிறார். அவளுடைய கணவன் ஸ்ரனிஸ்லஸ் 2009 மே பதினெட்டாம் திகதி வட்டுவாகலில் சீருடைக்காரரிடம் சரணடைந்தவன், அதன் பிறகு ஆளில்லை. அவன் திரும்பி வரவேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறென்ன கருத்து இருக்கப் போகிறது? அப்படித்தான் தோமஸ் நினைத்தார், ஊரும் நினைத்தது. அந்தத் துண்டு கைக்கு வரும்போதெல்லாம் அவருடைய குரல் கொஞ்சம் கம்மும். தொண்டையைச் செருமிவிட்டு அடுத்ததற்குப் போவார்.

அந்தக் கம்மலுக்குக் காரணம் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். சரணடைந்தவர்களை ஏற்றிப்போன பஸ்ஸில் ஸ்ரனிஸ்லஸ் ஏறியதைத் தோமஸ் கண்ணால் கண்டவர். புலிகள் இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்கள்கூட ஒரு பக்கம் வாருங்கள், விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று சீருடைக்காரர் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இயக்கக்காரர் ஸ்ரனிஸ்லஸை எட்டு மாதம் பிடித்து வைத்துப் பங்கர் வெட்ட விட்டிருந்தார்கள், அவ்வளவுதான் அவனுடைய இயக்கம். அவன் முள்வேலிக்கு அந்தப் பக்கம் போனான், தோமஸ் இந்தப் பக்கம் நின்றார். ஏறுவதற்கு முன் அவன் ஒரு சின்னப் பையை வேலிக்கு மேலால் தோமஸிடம் தந்தான். பிள்ளையின் பால்மா, சுசிலாவிடம் கொடு, பின்னேரம் விட்டுவிடுவார்களாம் என்றான்.

தோமஸ் தேடத்தான் செய்தார். ஆனால் சுசிலா நின்ற பக்கத்துச் சனத்தை அதற்குள் வேறொரு வெளிக்கு மாற்றிவிட்டார்கள். பின்னேரமாகிவிட்டது. தோமஸின் மகள் நிறஞ்சனாவுக்கு அப்போது நாலு வயது. இரண்டு நாளாகச் சாப்பாடில்லாத பிள்ளை அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தது. தோமஸ் பையைத் திறந்தார். மனைவி கேட்டதற்கு ஒரு ஆள் தந்தது என்று மட்டும் சொன்னார். மூன்று நாளைக்குக் கரைத்துக் கொடுக்க அது போதுமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து முகாமில் தண்ணீர் வரிசையில் சுசிலாவைக் கண்டார். இடுப்பில் ஒரு வயது சாரங்கா, எலும்பும் தோலுமாக. அவரைக் கண்டீர்களா என்று அவள் கேட்டாள். கண்டேன் என்றால் அடுத்த கேள்வி பை. "நான் காணேல்ல" என்றார். அவள் ஓம் என்று தலையாட்டிவிட்டுப் போனாள், பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. புலனாய்வுக்காரரின் பயத்தால்தான் வாய் திறக்கவில்லை என்று தோமஸ் தனக்கே பலமுறை சொல்லிக்கொண்டார். அந்தப் பயமும் பொய்யில்லை, இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தவர்கள்தான். ஆனால் உண்மையில் அவருடைய தொண்டையை அடைத்தது அந்தப் பால்தான். முன்பெல்லாம் சுசிலாவை உரிமையோடு 'நீர்' என்று கூப்பிட்டவர், அந்த நாளிலிருந்து 'நீங்கள்' என்று கூப்பிடத் தொடங்கினார். பெரிய வெள்ளியில் திருப்பாடுகளை வாசிக்கும்போது, நான் அவரை அறியேன் என்று பேதுரு இயேசுவை மறுதலிக்கிற இடம் வந்தால் ஓடுகிற வேகத்தில் வாசித்து முடித்துவிடுவார்.

இப்படிப்பட்ட மனிதரிடம், வருகிறவர்களுக்குச் சுசிலாவைப் பேசச் சொல்லுங்கள் என்று பாதர் சொன்னால் எப்படி இருக்கும்? அழகாக அழுது அழகாகச் சொல்லக்கூடிய வேறு இரண்டு பேரின் பெயரைத் தோமஸ் முன்மொழிந்து பார்த்தார். பாதர் அசையவில்லை. சொல்லிவிட்டு அன்று வேறொரு கோயிலில் கலியாணப் பூசை என்று போய்விட்டார். தோமஸ் சுசிலாவிடம் போய், சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு சாட்சியம் சொல்ல வேணும் என்றார். அவள் சரி என்றாள். விசுவாசத்தைப் பற்றி மட்டும் சொன்னால் காணும் என்று சேர்த்துச் சொல்ல நினைத்தார், அதற்குள் அவள் கருவாட்டைப் புரட்டப் போய்விட்டாள்.

வான் வந்து சேர்ந்தது. எல்லாரும் ஒரே நிற ரீசேட் போட்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவி பிரியந்தினி முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான பெண், வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வானுக்குப் பின்னாலேயே ஒரு மோட்டார் சைக்கிளும் வந்தது. நீலச் சேட்டுக்காரர். அவருடைய பெயர் ஊரில் ஒருவருக்கும் தெரியாது, வேலை என்னவென்று எல்லாருக்கும் தெரியும். எந்தக் கூட்டமென்றாலும் வருவார், "சும்மா வந்தது" என்பார், கடைசி வரிசையில் இருப்பார். ஃபோனைச் சேட்டுப் பொக்கற்றில் கமரா வெளியே தெரிகிற மாதிரி நிறுத்தி வைப்பார். தோமஸ் விருந்தாளிகளுக்கு முன் அவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்.

சுசிலா பத்து மணிக்குச் சரியாக வந்தாள். கையில் செபமாலை இல்லை, வேதாகமம் இல்லை. ஒரு தடித்த நீல ஃபைல் இருந்தது. காணாமல் போனவர்களை விசாரிக்க அரசாங்கம் போட்ட ஆறு ஆணைக்குழுக்களுக்கும் அவள் கொண்டுபோன ஃபைல் அது. சாட்சியம் என்றால் அவளுக்கு ஒன்றுதான் தெரியும் என்பது அந்த நிமிஷத்தில்தான் தோமஸுக்கு உறைத்தது. பதினைந்து வருஷமாக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஆட்கள் சாட்சியம் சொல்லுங்கோ என்றபோதெல்லாம் அவள் இதைத்தான் திறந்து வைத்திருக்கிறாள்.

இப்போதும் திறந்து வைத்தாள். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம். காலை எட்டரை மணி. வட்டுவாகல் பாலத்துக்கு இந்தப் பக்கம் எத்தனையாவது வேலி. கணவன் வேலியோரம் போனது, சனம் தள்ளியதில் தான் பின்னுக்குப் போனது, மறுபடி எட்டிப் பார்த்தபோது அவனைக் காணாதது. முறைப்பாடு போட்ட திகதிகள், கிடைத்த பதில்கள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கொழும்புப் பெடியன் ஒருவன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இதில் எதை எழுதுவது என்று தெரியாமல் பேனையைக் கடித்தான். நீலச் சேட்டுக்காரர் பொக்கற்றைக் கொஞ்சம் உயர்த்திவிட்டார். தோமஸ் மைக் வயரைச் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். கடைசியில் பொறுக்க முடியாமல் கிட்டப் போய், விசுவாசத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கோ என்று குனிந்து முணுமுணுத்தார்.

"சாட்சியம் எண்டுதானே சொன்னனீங்கள்?" என்று சுசிலா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டொருவர் சிரித்தார்கள். பிரியந்தினி சிரிக்கவில்லை. தன் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அக்கா, நீங்க ஜெபத்தில என்ன கேப்பீங்க? கணவர் திரும்பி வரணும்னா?"

தோமஸ் மைக்கை எடுத்துச் சுசிலாவுக்கு நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. அந்த மண்டபத்துக்கு அவளுடைய குரலே போதும்.

"அதை வீட்டில கேக்கிறனான். பூசைக்குக் குடுக்கிறது அதுக்கில்லை," என்றாள். "அவர் வேலிக்கரையில நிக்கேக்க பக்கத்தில ஒரு ஆள் நிண்டது. தூரத்தில இருந்து நான் கண்டனான். அவர் பஸ்ஸில ஏறினவரோ இல்லையோ எண்டு அந்த ஆளுக்குத் தெரியும். ஆள் பயந்துபோய் இருக்கு. பயந்த ஆளைப் பிடிச்சு உலுப்பி வாயைத் திறக்க வைக்கிறது அவங்கட வேலை, எங்கட வேலை இல்லை. அதால ஆண்டவரே, அந்த ஆளின்ர பயத்தைத் தெளிய வையும் எண்டு மாதம் மாதம் ஒரு பூசை குடுக்கிறன்."

தோமஸ் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். பதினாலு வருஷம், மாதத்துக்கு ஒன்று. நூற்றறுபதுக்கும் மேல் வரும். அத்தனை தடவையும் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, தன் வாயால், தனக்காகவே வாசித்திருக்கிறார். ஊரே எழுந்து நின்று அவருக்காக மன்றாடியிருக்கிறது, அவரும் தொண்டையைச் செருமிவிட்டு அவர்களோடு சேர்ந்து ஆமென் சொல்லியிருக்கிறார். கேட்காமலே போனாள் என்று அவர் நிம்மதிப்பட்ட பெண் அவர் அங்கே நின்றது தெரிந்துதான் கேட்காமல் இருந்திருக்கிறாள். அவருக்கு அவள் மேலேயே ஒரு கணம் ஆத்திரம் வந்தது. ஏன் வந்து சட்டையைப் பிடிக்கவில்லை? அப்படிப் பிடித்திருந்தால் இல்லையென்று சத்தியம் பண்ணித் தப்பியிருக்கலாம். அவள் அந்த வழியை அடைத்துவிட்டாள்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. நீலச் சேட்டுக்காரர் சிரித்த முகமாகத்தான் கேட்டார்.

"அந்த ஆள் யாரு அக்கா? பேர் சொல்லலாம்தானே."

சுசிலா ஃபைலை மூடினாள். தோமஸ் அவளுக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறார். அவள் தலையை ஒரு விரற்கடை திருப்பியிருந்தால் போதும். திருப்பவில்லை. பின்னால் இருந்தவரை நேராகப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொல்ல மாட்டன். அது அந்த ஆளின்ர வாயால வரவேணும்."

"அக்காவுக்குப் பிரச்சினை வரும்."

"வரட்டும்."

தோமஸ் வாசலைப் பார்த்தார். வாசல் கிட்டத்தான் இருந்தது. தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுக்கிற சாட்டில் வெளியே போய்விடலாம். போக நினைத்தார் என்பதையும் மறைக்கத் தேவையில்லை, ஒரு காலை எடுத்தும் வைத்தார். பிறகு நின்றார்.

"அது நான்தான்," என்றார்.

மைக் இன்னும் அவருடைய கையில் இருந்தது. மெதுவாகச் சொல்ல நினைத்த சொல் ஒலிபெருக்கியால் வீதிவரைக்கும் கேட்டது. வீதியில் சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று திரும்பிப் பார்த்தார். இனி என்ன இருக்கிறது என்று தோமஸ் மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"ஸ்ரனிஸ்லஸ் பஸ்ஸில ஏறினதை நான் கண்டனான். ஏற முன்னம் பிள்ளையின்ர பால்மாப் பையை என்னட்டத் தந்தவன், சுசிலாட்டக் குடு எண்டு. நான் குடுக்கேல்ல. என்ர பிள்ளைக்குக் கரைச்சுக் குடுத்திட்டன். முகாமில சுசிலா கேட்டவா. காணேல்ல எண்டு சொன்னன்."

பிரியந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். தோமஸ் அடி விழும் என்று எதிர்பார்க்கிறவரைப் போலச் சுசிலாவைப் பார்த்தார். சுசிலா ஃபைலை மறுபடி திறந்து, ஒரு வெறும் தாளைத் தேடி எடுத்து, பேனை மூடியைக் கழற்றினாள்.

"எந்தக் கதவால ஏறினவர்?"

"பின் கதவால."

"பஸ் என்ன நிறம்?"

"சிவப்பு. இடப்பக்கம் பெயின்ற் உரிஞ்சு கிடந்தது."

முன்னால் ஏறியது யார், பின்னால் ஏறியது யார், பெயர் எழுதியவர் எந்தப் பக்கம் நின்றார் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். தோமஸ் ஒன்றுக்கும் தடுமாறவில்லை. எல்லாம் நேற்றுப் பார்த்ததுபோல வந்தது. மறக்க வேண்டுமென்று அவர் தினமும் எடுத்துப் பார்த்தவைதானே அவை. என்ன உடுத்தியிருந்தவர் என்று அவள் கேட்டபோது, சாரம், மேலுக்கு ஒன்றுமில்லை, தோளில் பச்சைக் கரை போட்ட துவாய் என்றார். அவளுடைய பேனை அங்கேதான் நின்றது.

"அந்தத் துவாய் பிள்ளையைச் சுத்தி வச்சிருந்தது," என்றாள். அப்போதுதான் அழுதாள். அதிக நேரமில்லை. மூக்கைத் துடைத்துவிட்டுத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். தோமஸ் கையெழுத்து வைத்தார். நீலச் சேட்டுக்காரர் எப்போது எழுந்து போனார் என்று ஒருவருக்கும் தெரியாது. மோட்டார் சைக்கிள் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

விருந்தாளிகள் சாப்பிட்டார்கள், கடற்கரைக்குப் போகவில்லை. வானில் ஏறுகிறபோது பிரியந்தினி தோமஸின் கையைப் பிடித்துவிட்டு ஏறினாள். தோமஸும் சுசிலாவும் கதிரைகளை அடுக்கினார்கள். நாலைந்து கதிரை அடுக்கிய பிறகு அவள் சொன்னாள்.

"சாரங்காவுக்கு அண்டைக்கு ஆரோ ஒரு மனுசி கஞ்சித்தண்ணி தந்தவா. பிள்ளை தப்பீட்டுது. உங்கட பிள்ளையும் தப்பீட்டுது. பாலுக்கு எனக்குக் கோவமில்லை. காணேல்ல எண்டு சொன்னதுக்குக் கோவம் இருக்கு. அது இன்னும் போகேல்ல."

தோமஸ் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கதிரையை எடுத்தார். மன்னிப்பு என்ற சொல் நாக்கில் வந்து நின்றது, அதைச் சொன்னால் அவளிடம் இன்னொன்று வாங்குவதாகிவிடும் என்று விழுங்கிவிட்டார்.

மனப்பாரம் இறங்கிச் சுகமாகிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வீட்டுக்குப் போய் நிறஞ்சனாவிடம் சொன்னார். பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கிற பிள்ளை இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாரங்காவைப் பார்க்கப் போனாள், என்ன கதைத்தாள் என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை புலனாய்வுக்காரரிடமிருந்து தோமஸுக்கு அழைப்பு வந்தது. மூன்று மணித்தியாலம் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், அவரும் ஒரே பதிலைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். பின் கதவு, சிவப்பு, பெயின்ற் உரிந்தது. திரும்பி வருகிற வழியில் வீதியோரம் குனிந்து சத்தி எடுத்தார். பயம் தெளியவில்லை. பயத்தோடேயே சொல்லலாம் என்பதுதான் தெரிந்தது. அதுகூடச் சுசிலாவுக்கு முன்னமே தெரிந்த விஷயமாக இருக்க வேண்டும்.

ஜூன் முதல் ஞாயிறு வந்தது. தோமஸ் பெட்டியைத் திறந்து துண்டுகளை எடுத்தார். இந்தமுறை 'நன்றியாக' என்று இருக்கும் என்று அவர் உள்ளுக்குள் ஆசைப்பட்டிருந்தார். மனிதர்தானே. சுசிலாவின் துண்டு மூன்றாவதாக வந்தது. அதே எழுத்து. 'சுசிலா குடும்பத்தினரின் ஒரு விசேஷ கருத்துக்காக.'

வாசித்தார். குரல் கம்மவில்லை, பழக்கத்தில் தொண்டையை மட்டும் செருமினார். தன் பயம் இன்னும் போகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டாளோ? தான் சொன்னது போதாதோ? பூசை முழுக்க நிலைகொள்ளாமல் நின்றார், மணியை ஒருதரம் பிந்தி அடித்தார். பூசை முடிந்ததும் வாசலுக்கு ஓடிப்போய், சாரங்காவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்ற சுசிலாவிடம், அந்த ஊரில் ஒருவரும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இப்ப ஆருக்கு?"

"அந்த பஸ்ஸை ஓடினவர் ஒருத்தர் இருப்பார்தானே," என்றாள் சுசிலா. "கொண்டுபோய் எங்க இறக்கினது எண்டு அவருக்குத் தெரியும். அவரும் எங்கயோ பயந்துகொண்டுதான் இருப்பார்."

"உமக்கு அவர் ஆரெண்டே தெரியாதே."

பழையபடி நீர் என்று அவர் கூப்பிட்டதை அவள் கவனித்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் இளகியது.

"தெரிஞ்ச ஆளுக்கே பதினாலு வருஷம் எடுத்தது," என்றாள். "இவருக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். நீங்கள் துண்டை வாசிக்கேக்க செருமாம வாசியுங்கோ."